மூணாவது வளைவு டீச்சருடையது

என் பேரில் வீடு கிடையாது, நிலம் கிடையாது. ஒரு வளைவு இருந்தது. குன்னூரிலிருந்து எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற பாதையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் பலகையில் 1/9, 2/9 என்று எழுதியிருக்கும். அதில் மூன்றாவது என்னுடையது. எனக்கு அதை ஒதுக்கிக் கொடுத்தது நெடுஞ்சாலைத் துறை இல்லை, எங்கள் ஸ்டாஃப் வேனை ஓட்டிய அக்கா.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேன் அக்கா என்றால் மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே மார்க்கெட் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிய வேண்டுமே என்று சீட்டில் ஒரு மெத்தை, அதன் மேலே மடித்த கம்பளி. புடவைக்கு மேலே ஆண்கள் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. அருவங்காடு பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரர், வண்டி ஓட்டக் கற்றுத்தர மாட்டேன் என்று சொன்னதால் அவருக்குத் தெரியாமல் அக்கா கற்றுக்கொண்டாராம். "அவருக்குத் தெரியறப்ப நான் ஊட்டிக்கே ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேனுங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தால் வேனும் குலுங்கும். அதில் பாதி சிரிப்பு, மீதி வேனின் வயசு.

இது பழங்காலத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லார் கையிலும் போன் இருக்கிற காலம்தான், அந்தப் பாதையில் சிக்னல்தான் கிடைக்காது. அக்கா இப்போது குந்தாவில் மகன் வீட்டோடு போய்விட்டார், வேனையும் கையோடு கொண்டுபோய்விட்டார். நாங்கள் எஸ்டேட் பஸ்ஸில் ஏறுகிறோம். பஸ்ஸில் வளைவுகளுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது.

அக்காவின் ஏற்பாடு இதுதான். மேலே ஏறும்போது வளைவுக்கு ஒருத்தர் என்று ஜெபம். வளைவுக்குள் நுழையும்போது இரண்டாவது கியருக்கு மாற்றி "ஆண்டவரே" என்று தொடங்கினால், வண்டி நேராகும்போது "ஆமென்". முதல் வளைவு எங்கள் ஹெச்.எம். சாருக்கு. இரண்டாவது டிஸ்பென்சரி சிஸ்டருக்கு. மூன்றாவது எனக்கு. நான்காவது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் தம்பிக்கு. அவர் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார், தனக்காக ஒருத்தர் தினமும் வேண்டுகிறார் என்ற விஷயமே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. ஐந்தாவது வீட்டுக்காரருக்கு. ஆறாவது குந்தா மின் நிலையத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு. ஏழாவது மழையில் நனைந்துகொண்டு கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு. எட்டாவது, அந்த வாரம் அக்கா யாரோடு சண்டை போட்டாரோ அவருக்கு. ஒன்பதாவது வேனின் கிளட்சுக்கு.

சாயங்காலம் இறங்கும்போது ஜெபம் கிடையாது. எஃப்.எம்.மைப் போட்டுவிட்டுப் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டு வருவார். ஏன் என்று கேட்டேன்.

"இறங்கறதுக்கு பிரேக் இருக்குதுங்களே டீச்சர். எல்லாத்துக்கும் அவரையே எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?"

ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டுதானே செய்வார்கள் என்று ஒருநாள் சிஸ்டர் கேட்டார். "நான் கண்ணை மூடினா அப்புறம் வேண்டறதுக்கு அவசியமே இல்லீங்க. நேராவே போய்ப் பாத்துக்கலாம்" என்றார் அக்கா. சிஸ்டர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற ஜெபத்தில் கண்ணில் படுவதெல்லாம் கலந்து வரும். "ஆண்டவரே, எங்க சிஸ்டரோட மாமியாருக்கு நல்ல மனசைக் குடுங்க, ஏய் லாரி, ஒதுங்குடா, கண்ணு தெரியலியா, அந்தம்மா சிஸ்டரை ஒரு வார்த்தை, ஓரமாப் போடா சாமி, ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாம இருக்கோணும், ஆமென்." ஆண்டவர் இதில் எது தனக்கு, எது லாரிக்கு என்று பிரித்துக்கொள்வார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

மற்றவர்கள் இதை அனுபவித்தார்கள். ஹெச்.எம். சார் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், பழனிக்கு நடந்தே போகிறவர். ஆனாலும் மகள் நீட் எழுதிய வாரத்தில், முதல் வளைவு ரொம்பச் சின்னது, அதில் ஒன்றும் கேட்டு முடிக்க முடியவில்லை, ஏழாவது நல்ல அகலம், ஒரு வாரத்துக்கு மாற்றித் தரலாமா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா கொழுந்து பறிக்கிற பெண்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். நிஜமாகவே வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றவர்களிடம் கத்திக் கேட்டார். அவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே "எடுத்துக்கச் சொல்லுங்க" என்று கையசைத்தார்கள்.

அந்த ஹெச்.எம். சாருக்கே ஒரு சோதனை வந்தது. ஒருநாள் முதல் வளைவின் நடுவில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அக்கா அப்போதுதான் "ஆண்டவரே" என்று தொடங்கியிருந்தார். வளைவு முடியாமல் ஆமென் சொல்லக்கூடாது என்பது அவருடைய சட்டம். எனவே மெதுவான குரலில் ஜெபம் தொடர்ந்தது. மகள் படிப்பு முடிந்தது, பதவி உயர்வு முடிந்தது, பெரிய தம்பியோடு இருக்கிற வரப்புத் தகராறும் முடிந்தது. காட்டெருமை நகரவில்லை. அக்காவிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. "அப்புறம் ஆண்டவரே, சாரோட மூலம். போன வாரம் உக்கார முடியாமக் கஷ்டப்பட்டாரு..."

பின் சீட்டில் ஒரு முனகல் கேட்டது. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளார்க் தம்பி அன்றைக்கென்று விழித்திருந்தார். கடைசியில் காட்டெருமை போனதும் ஹெச்.எம். சார் சொன்னது இவ்வளவுதான்: "எந்தச் சாமிகிட்ட வேணும்னாலும் வேண்டுங்கம்மா. வெளியில தெரியற மாதிரி வேண்டாதீங்க."

எனக்கு அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. கடவுள் இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான், வளர்ந்த பிறகு நானே யோசித்துப் பார்த்தும் இல்லை என்றே முடிவு செய்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஹெச்.எம். சார் நீட்டிய பழனி விபூதியை வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். அக்கா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் மூன்றாவது வளைவில் என் ஜெபம் மாறியிருந்தது. "ஆண்டவரே, உங்களை இன்னும் தெரியாத இந்தப் பிள்ளைக்கு உங்களைக் காட்டுங்க."

"வண்டியை நிறுத்துங்கக்கா" என்றேன்.

அக்கா ஓரமாக நிறுத்தினார். கிளார்க் தம்பியை எழுப்பி டயருக்குக் கல் வைக்கச் சொன்னார். "ஏனுங்க டீச்சர், வாந்தி வருதுங்களா?"

"இல்லைங்கக்கா. எனக்காக நீங்க வேண்டாதீங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை."

"நீங்க நம்போணும்னு நான் சொல்லவே இல்லீங்களே. நம்பறது என்னோட வேலை. நீங்க சும்மா உக்காந்து வந்தாப் போதுங்க."

"என் பேரை என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போறீங்க. அதுவும் நான் ஏதோ தெரியாத பிள்ளை, குறைப்பட்ட பிள்ளைங்கற மாதிரி."

"குளுருதுன்னு ஒருத்தருக்குப் போர்வை போத்தி உடறது தப்புங்களா?"

"போத்திக்கிறவங்களைக் கேட்டுட்டுப் போத்தணும்."

"டீச்சர், ஸ்கூல் பிரேயருக்கு நேரமாச்சு" என்றார் ஹெச்.எம். சார் பின்னாலிருந்து. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

எதற்கு அவ்வளவு கோபம் என்று அக்கா கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் சொல்லிவிட்டேன். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா, தான் செத்தால் எந்தச் சடங்கும் செய்யக்கூடாது என்று தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்திருந்தார். அவர் இறந்த அன்று நான் குளிக்கப் போய்விட்டு வருவதற்குள் பெரியப்பா அவருடைய நெற்றியில் பட்டையாக விபூதி பூசிவிட்டார். நல்லெண்ணத்தில்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் அப்பா எழுந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரம் பார்த்துப் பூசிவிட்டார். நான் அத்தனை பேர் முன்னாலும் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தேன். அன்றோடு பாதிச் சொந்தம் பேச்சை நிறுத்திக்கொண்டது. யாராவது உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் எனக்குப் பெரியப்பாவின் அந்த மூன்று விரல்கள்தான் ஞாபகம் வரும்.

அக்கா இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தார். பிறகு, "கேக்காம வெச்சது தப்புங்க" என்றார். "நானும் கேக்காமத்தான் செஞ்சேன். இனி உங்க பேரை எடுக்க மாட்டேனுங்க. வேன்லயும் எடுக்க மாட்டேன், ஊட்டுலயும் எடுக்க மாட்டேன், சர்ச்சுலயும் எடுக்க மாட்டேன். சத்தியம்."

"மூணு இடத்துலயா வேண்டிட்டு இருந்தீங்க?"

"வேன்ல நேரம் பத்தறதில்லீங்களே" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள்தான் என்ன வாங்கிக்கொண்டேன் என்று தெரிந்தது. இரண்டாவது வளைவு வரைக்கும் கலகலவென்று வந்த வேனில், மூன்றாவதில் நுழைந்ததும் சத்தம் நின்றுபோனது. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு, சத்தியத்தைக் காப்பாற்றுகிற முகத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பினார். பின்னால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பிடரியைப் பார்த்தார்கள். ஜெபத்தைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்த மரியாதையைப் பொறுக்க முடியவில்லை. ஒரு வாரம் போனதும், "அக்கா, ஏதாவது பேசுங்க" என்று கெஞ்சினேன்.

"வளைவு உங்களுதுங்க டீச்சர். ஜெபம் வேண்டாம்னா அதுல நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

நம்பிக்கையில்லாத ஒருத்தி ஒரு கொண்டை ஊசி வளைவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஹெச்.எம். சார் ஏழு பதின்மூன்றில் என்னைத் திருத்தினார், அவர் திருத்தியதும் தப்பு. பாடிப் பார்த்தேன், கிளார்க் தம்பி எழுந்துகொண்டார். கடைசியில் ஜோக் என்று முடிவானது. வளைவுக்குள் தொடங்கி, வண்டி நேராவதற்குள் முடித்துவிட வேண்டும். நன்றாக இருந்தால் அக்கா இரண்டு முறை ஹாரன் அடிப்பார், மொக்கையாக இருந்தால் ஒருமுறை. இரண்டு வருஷத்தில் நான் வாங்கிய இரட்டை ஹாரன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதே இன்றைக்கு என்ன ஜோக் என்று யோசித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

சத்தியத்தை அக்கா எப்படிக் காப்பாற்றினார் என்பது என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது. ஏழு வயசு. நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் மத்தியானம் தூக்குப் போசியில் சுடச்சுடக் கஞ்சி வந்தது. அக்கா வார்டுக்குள் வரமாட்டார், வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. எட்டாம் நாள் வேனில் ஏறினேன். மூன்றாவது வளைவு தாண்டியதும் அக்கா தானாகவே வண்டியை நிறுத்தினார்.

"இந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர். பாப்பா பேரு வாயில வருது, முழுங்கறேன். மறுபடியும் வருது, முழுங்கறேன். உங்களுக்குப் பண்ணுன சத்தியத்துல பாப்பாவும் சேர்த்தியா இல்லையான்னு அன்னைக்கே கேக்காம உட்டுப்போட்டேன். போன்ல கேக்கலாம்னா, புள்ளை படுத்துக் கெடக்கறப்ப கேக்கற கேள்வியாங்க அது? உள்ள வந்து பாப்பாவைப் பாத்தா என்னையும் மீறி வாயில வந்துரும்னுதான் வாசலோட போயிட்டேன். வேண்ட முடியாத வாய்க்குப் பதிலாக் கைக்கு ஒரு வேலை வேணும்னுதான் கஞ்சியைக் காச்சுனேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "கஞ்சியில ஜெபம் எதுவும் போடலையே?" என்று கேட்டேன்.

"உப்பு மட்டுந்தானுங்க போட்டேன்" என்றார். அன்றைக்கு நான் ஜோக் சொல்லவே இல்லை, ஆனாலும் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அந்த வருஷம் பனி தொடங்கும்போது அக்காவின் குரல் கம்மிப் போனது. தைலம் தடவினார், சுக்குக் கஷாயம் குடித்தார், ஒன்றுக்கும் சரியாகவில்லை. சிஸ்டர்தான் விடாப்பிடியாக நின்று கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனார். குரல் நாணில் ஒரு கட்டி. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் மட்டும் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரிசல்ட் கெட்டதாக இருந்தால் குரலே போனாலும் போகலாம் என்பதைச் சிஸ்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார்.

நாலாம் நாளே அக்கா வேனோடு வந்து நின்றார். கழுத்தில் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில், "தொண்டைக்குத்தான் ரெஸ்ட், காலுக்கு இல்லை" என்று எழுதியிருந்தது. வேறு யார் மிதித்தாலும் அந்த வேனின் கிளட்ச் கேட்காது என்பது எங்களுக்கும் தெரியும், அதனால் ஏறிக்கொண்டோம். அன்றைக்கு ஒன்பது வளைவுகளையும் சத்தமில்லாமல் ஏறினோம். இன்ஜின் இவ்வளவு சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட வாசலில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, சிலேட்டில் எழுதிக் காட்டினார். "நாளைலருந்து நீங்க சொல்லுங்க."

"நானா?"

ஹெச்.எம். சார் என்றால் ஒரு பதிகம் சொல்லி முடிக்க மூன்று வளைவு எடுத்துக்கொள்வார். சிஸ்டருக்கு மலை ஏறும்போது வாயைத் திறந்தால் குமட்டும். கிளார்க் தம்பி தூங்குவார். அக்கா ஒவ்வொருவராக விரலால் சுட்டிக் காட்டி உதட்டைப் பிதுக்கிவிட்டு, கடைசியில் விரலை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எனக்கு நம்பிக்கை இல்லைங்கக்கா. நான் சொன்னா அது பொய்யாயிடும். உங்க சாமிக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை."

சிலேட்டை அழித்துவிட்டு எழுதினார். "கடுதாசியில எழுதியிருக்கறதை போஸ்ட்மேன் நம்போணுமா?"

அடுத்த நாளிலிருந்து நான் போஸ்ட்மேன். அக்கா முந்தின நாளே எட்டு வளைவுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார், மூன்றாவதுக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்கிற குரலில் படிப்பேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். ஆமென்னுக்குப் பதிலாக ஹாரன் அடிப்பார். "கொஞ்சம் உருகிப் படிங்க டீச்சர், என் பொண்ணுக்குக் கவுன்சலிங் வருது" என்று ஹெச்.எம். சார் குறைப்பட்டுக்கொண்டார். கடவுளை நம்பாதவளைப் பார்த்து உருகவில்லை என்று கோபித்துக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

நாலைந்து நாள் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளில் ஊரே இருந்தது, சண்டைக்காரர்கள் இருந்தார்கள், கிளட்ச்கூட இருந்தது, அக்கா இல்லை. எந்த நாளிலும் இருந்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான்தான் ஓட்டறேனே" என்று எழுதினார். அவரைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு முழுமையான பதில். எனக்குத்தான் அந்தச் சிலேட்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது.

ரிசல்ட் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா எழுதிய தாளில்கூடக் கையெழுத்து கோணியிருந்தது. ஏறுவதற்கு முன்னால் நான் ஜன்னலருகே போய் நின்றேன். "அக்கா, என் வளைவை இன்னைக்கு உங்களுக்குக் குடுக்கட்டுமா? உங்களைக் கேக்காமச் செய்யக் கூடாதுன்னு கேக்கறேன்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார்.

முந்தின நாள் ஐந்தாம் வகுப்புக்கு விடுப்பு விண்ணப்பம் நடத்தியிருந்தேன். அதைத் தவிர, முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் ஒன்றைக் கேட்பதற்கு எனக்கு வேறு முறை தெரியாது. இரண்டாவது வளைவு முடிந்ததும் கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அக்கா கியரை மாற்றினார். நான் படித்தேன்.

"அனுப்புநர்: மூன்றாவது வளைவு. பெறுநர்: இருந்தால், அவர். பொருள்: தொண்டை தொடர்பாக. ஐயா, நான் உங்களை நம்புவதில்லை. அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும், அதை வைத்து இந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டாம். இந்த வண்டியை ஓட்டுகிறவர் உங்களை நம்புகிறார். இருந்த வளைவையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதவர். எனவே என்னுடையதை இன்று அவருக்குக் கொடுக்கிறேன், அவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவருக்கு அவருடைய குரல் வேண்டும். உண்மையைச் சொன்னால் எங்களுக்குத்தான் வேண்டும். இதற்கு முன்னால் இவர் பேசாமல் நாங்கள் மலை ஏறியதே இல்லை..."

வளைவு போதவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்தது. முதல் கியருக்கு வந்து, நடக்கிற வேகத்துக்கும் குறைத்து, வண்டியை வளைவுக்குள்ளேயே ஊர்ந்து போகவிட்டார். பின்னால் வந்த அரசு பஸ் ஹாரன் அடித்தது. அதன் கண்டக்டர் தலையை நீட்டி ஏதோ திட்டினார். ஹெச்.எம். சார் பின் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. நிறுத்தி, "கீழ்ப்படியாத, ஐந்தாம் வகுப்பு டீச்சர்" என்று முடித்தேன்.

திடீரென்று வைப்பர் ஓட ஆரம்பித்தது. மழையும் இல்லை, மூடுபனியும் இல்லை, பளிச்சென்று வெயில். அக்காவுக்குக் கண் கலங்கி எதிரே தெரியாமல் போனதும், பழக்க தோஷத்தில் கை வைப்பரைப் போட்டிருந்தது. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச்சென்று தேய்த்துக்கொண்டு போனது. முதலில் சிஸ்டர்தான் சிரித்தார், குமட்டலையும் மறந்து. பிறகு நாங்கள் எல்லாரும். அக்கா பேசக் கூடாதே என்று வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், அல்லது அழுதார். வண்டி நேரானதும் ஹாரன் அடித்தார். இரண்டு முறை இல்லை. நான் எண்ணவில்லை, நான்காவது வளைவு வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்.

மத்தியானம் சத்துணவு நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து லேண்ட்லைனில் கூப்பிட்டார். கெட்ட கட்டி இல்லை. ஹெச்.எம். சார் அரைநாள் லீவு விட்டுவிடலாமா என்று யோசித்து, மேலதிகாரிக்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். கட்டி முன்னாலேயே நல்ல கட்டிதான், என் விண்ணப்பத்தால் மாறவில்லை என்று சொல்லியிருப்பார். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பெறுநர் முகவரியைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை அக்கா சிலேட்டு இல்லாமல் வந்தார். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. முதல் வளைவில் ஹெச்.எம். சாருக்கும் இரண்டாவதில் சிஸ்டருக்கும் பாக்கியில்லாமல் வேண்டி முடித்தார். மூன்றாவதுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், உங்க வளைவுல இன்னைக்கு ஒரே ஒரு நன்றி சொல்லிக்கட்டுங்களா? வேண்டுதல் இல்லீங்க. வெறும் நன்றி."

"சொல்லிக்கங்கக்கா. ஆனா என் பேரு வரக் கூடாது."

"வராதுங்க. சத்தியம் சத்தியந்தான்."

கியரை மாற்றினார். மஞ்சள் பலகை எங்களைத் தாண்டிப் போனது.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த வளைவுல இருந்து உங்களுக்கு ஒரு கடுதாசி வந்துச்சே, பாத்திருப்பீங்க. அதுக்குத்தான் நன்றி சொல்றேனுங்க. எழுதுனது யாருன்னு நான் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்களும் கேக்காதீங்க. அவங்களுக்குப் புடிக்காது. ஆமென்."